சம்பவ இடத்துக்கு முதலில் போகிற ஏட்டையாவுக்கு

கன்னியாகுமரி மாவட்டக் காவல் நிலையங்களில் வேலை பார்க்கும் காவலர்கள், ஏட்டையாக்கள், உதவி ஆய்வாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இதை எஸ்.பி.க்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தோன்றலாம். குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் ஓட்டைப் பிரித்துக் களவு நடந்தாலும் சரி, முட்டம் கடற்கரையில் ஒரு ஆள் விழுந்து கிடந்தாலும் சரி, தகவல் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பது நீங்கள்தான். கைரேகைக்காரர், மோப்ப நாய், தடய அறிவியல் பிரிவு எல்லாம் அப்புறம்தான் வரும். அவர்கள் வந்து சேரும்போது அங்கே என்ன மிச்சம் இருக்கும் என்பது உங்கள் முதல் அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

நான் இருபத்திரண்டு வருடமாக இந்த மாவட்டத்தில் கிரிமினல் வழக்கு நடத்துகிற வக்கீல். பெரும்பாலும் எதிரி தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம். என் குறுக்கு விசாரணையில் கூண்டில் நின்று வேர்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அந்தக் கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். எதிரி தரப்பு வக்கீல் ஒருவன் போலீஸிடம் வந்து ‘தடயத்தை நல்லபடியாக எடுங்கள்’ என்று கெஞ்சுவது வினோதம்தான். அதற்குக் காரணம் ஒரு துவர்த்து. துண்டைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்.

சில வருடங்களுக்கு முன்னால், மலையோரத்தில் ஒரு ஊர். ஆனி மாதச் சாரல். எழுபது தாண்டிய ஒரு அம்மச்சி வீட்டில் தனியாக இருந்தார். நடுராத்திரி அடுக்களைப் பக்கத்து ஓட்டைப் பிரித்து ஒருவன் உள்ளே இறங்கியிருக்கிறான். தலையில் கட்டியிருந்த துவர்த்தை அவிழ்த்து அம்மச்சியின் வாயில் அமுக்கி, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். கரண்ட் இல்லை. முகம் தெரியவில்லை. துவர்த்து மட்டும் கட்டிலுக்கடியில் கிடந்தது.

அந்தத் துணியை நினைத்துப் பாருங்கள். ஒரு பகுதியில் அம்மச்சியின் எச்சில். இன்னொரு பகுதியில் அவன் நெற்றி வியர்வை, பொடுகு, ஒன்றிரண்டு தலைமயிர். ஒரே துணியில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அந்த அறையில் அதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. அதை ஒரு காவலர் எடுத்து, ஜவுளிக்கடை கேரி பேக் ஒன்றில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, நிலையத்தில் கொண்டுபோய் வைத்தார். துணி ஈரமாக இருந்தது. கூரை வழியாக வந்தவன் நனைந்துதானே வந்திருப்பான். நாற்பத்துமூன்று நாள் கழித்து அது கோர்ட்டுக்கு வந்து, அங்கிருந்து ஆய்வகத்துக்குப் போனது. ‘ஒப்பிடத் தகுந்த மரபணு கிடைக்கவில்லை’ என்று அறிக்கை வந்தது.

அம்மச்சியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ஆய்வகம் திருப்பியனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தார்கள். கோர்ட் ஊழியர் இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கினார். துணி முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த புரைக்குள், அதாவது கொட்டகைக்குள் போனால் வருமே, அந்த நாற்றம். நீதிபதி கைக்குட்டையை எடுத்தார். ‘அன்றைக்கு உங்கள் வாயில் அமுக்கியது இதுதானா?’ என்று அரசு வக்கீல் கேட்டார். அம்மச்சி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘அது வெள்ளையா இருந்துது மக்களே. இது வேறயாக்கும்.’

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் கட்சிக்காரன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற தொழிலாளி. பழைய ரப்பர் ஷீட் வழக்கு ஒன்று, தேங்காய் வழக்கு ஒன்று. கே.டி. லிஸ்டில், அதாவது பழைய குற்றவாளிகள் பட்டியலில், பெயர் உண்டு, அதனால் நான்காம் நாளே பிடித்தார்கள். மூன்று மாதம் உள்ளே, நாலு வருடம் வாய்தா. கடைசியில் ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’ விடுதலை. நான் ஜெயித்தேன். எதை வைத்து? ஒரு கேரி பேக்கை வைத்து. அவன் ஊரில் யாரும் அதை விடுதலையாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘வக்கீல் சாமர்த்தியத்தில் தப்பிச்சான்’ என்றுதான் பேச்சு. சாயாக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். அந்தத் துவர்த்து காய்ந்து ஒரு காகிதக் கவரில் இருந்திருந்தால், ஒன்று அவன் சரியாக மாட்டியிருப்பான், இல்லையென்றால் தலை நிமிர்ந்து வெளியே வந்திருப்பான். இரண்டில் எது என்று எனக்கும் தெரியாது. வக்கீல் இதைச் சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

சரி, இந்தத் தடய டி.என்.ஏ. என்பது என்ன, அதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். ரத்தம், விந்து போன்றவற்றை நீங்கள் விடுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, எடுக்கிறீர்கள். நான் சொல்வது கண்ணுக்குத் தெரியாதது: தொட்டதில், பிடித்ததில், உடுத்தியதில், வாய் வைத்ததில் ஒட்டிக்கொண்டு நிற்கிற கொஞ்சூண்டு. 1997-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தடய அறிவியல் மையத்தைச் சேர்ந்த வான் ஊர்ஷாட், ஜோன்ஸ் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். சாவி, பேனா, தொலைபேசி, பெட்டியின் கைப்பிடி என்று வெறுமனே கைபட்ட பொருள்களிலிருந்தே ஆளின் மரபணு அடையாளத்தை எடுத்துக் காட்டினார்கள். அந்த ஒரு பக்கம்தான் இந்தத் துறையின் பிள்ளையார் சுழி.

அளவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம் உடலின் ஒரு உயிரணுவில் இருக்கிற டி.என்.ஏ. ஆறு பிகோகிராம் சொச்சம். பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆய்வகம் வசதியாக வேலை செய்ய ஒரு நானோகிராம் இருந்தால் போதும், அதாவது சுமார் 150 உயிரணு. இன்றைய கிட்டுகள் அதில் பத்தில் ஒரு பங்கிலும் ஏதாவது சொல்லிவிடுகின்றன. பதினைந்து, இருபது உயிரணு! ஒரு விரல் அழுத்தத்தில் சில சமயம் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும், சில சமயம் ஒன்றுமே கிடைக்காது. ஆளுக்கு ஆள் வேறு. சிலர் தொட்டதெல்லாம் ஒட்டும், சிலர் நாள் முழுக்கப் பிடித்தாலும் ஒன்றும் விட்டுவைக்க மாட்டார்கள். கைகழுவி எவ்வளவு நேரமாயிற்று என்பதும் கணக்கில் வரும்.

இவ்வளவு சின்ன சரக்கு என்பதால்தான் அது இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறது. நமக்கு வருடத்துக்கு இரண்டு மழை. ஆடிச் சாரல் முடிந்து வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் ஐப்பசி வந்துவிடும். நம் வீட்டு அலமாரியில் தோல் செருப்பு பூத்துப்போகிற ஊர் இது. ஈரமான துணியைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளே பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும், அவை டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். வெயிலும் அதையே செய்யும், வேறு வழியில். ஆகவே ஈரமான பொருளை வெயிலில் போடாமல், நிழலில், ஆள் நடமாட்டம் இல்லாத அறையில், சுத்தமான காகிதத்தின்மேல் விரித்துக் காயவிட்டுக் காகிதக் கவரில் போட வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு கவர். காக்கிக் கவர் போதும், ஸ்டேஷனரிக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். நிலையத்துக்கு வரும் ஸ்டேஷனரியில் அது வருவதில்லை என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயமான குறைதான். அதையும் சேர்த்துத்தான் இந்த மடலை மேலிடம் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கவரின் பசையை நாக்கால் நக்கி ஒட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன். உள்ளே திருடனின் பதினைந்து உயிரணு, கவரின் வாயில் உங்களுடையது பல ஆயிரம்.

எதை எடுப்பது என்பதில்தான் உங்கள் அனுபவம் பேச வேண்டும். ஆய்வகத்தில் இருப்பவருக்கு நம் தோட்டமும் புரையும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ரப்பர் ஷீட் களவு என்றால் ஷீட்டை எடுத்து அனுப்பிப் பெரிய பயன் இல்லை. பால் உறைய வைத்தவர், உருளையில் போட்டவர், புகைப்புரையில் தொங்கவிட்டவர், வியாபாரி என்று பத்து கை பட்டிருக்கும். எல்லாம் கலந்துதான் வரும். வழியில் போட்டுவிட்டுப் போன சாக்கு இருந்தால் அதன் வாயைக் கட்டிய கயிற்றைப் பாருங்கள். முடிச்சைக் கடைசியாக இறுக்கியவன் அவன்தான். கயிறு சொரசொரப்பு, தோலை நன்றாக உரசி எடுக்கும். முடிச்சை அவிழ்க்காமல், தள்ளி வெட்டி எடுங்கள். தூக்கில் தொங்கிய உடல் என்றாலும் அதே விதி. தற்கொலையா, கொன்று தொங்கவிட்டதா என்ற கேள்வி வருகிற வழக்கில் முடிச்சு பேசும், அவிழ்த்துவிட்டால் ஊமை.

பால்வெட்டுக் கத்தியால் வெட்டிய வழக்கில் எல்லோரும் அலகின் ரத்தத்தைப் பார்ப்பார்கள். அது செத்தவருடைய ரத்தம், அவர் யார் என்று ஏற்கெனவே தெரியும். கைப்பிடியில் சுற்றியிருக்கிற துணியைப் பாருங்கள். வெட்டோத்தி என்கிற அரிவாளின் மரப்பிடியும் அப்படித்தான், வெடிப்புக்குள் வியர்வை இறங்கியிருக்கும். ஓடு பிரித்து இறங்கிய வீட்டில் பிரித்த ஓட்டின் ஓரம். வாசலில் கழற்றிப்போட்ட கையுறை கிடைத்தால் அதிர்ஷ்டம், கைரேகைக்குப் பயந்து போட்ட உறையின் உள்பக்கம் முழுக்க அவன் தோல்தான். பீடித்துண்டு, தண்ணீர் பாட்டில் வாய், கடித்துத் துப்பிய பாக்கு எல்லாம் எச்சில், தொட்டதைவிட இவற்றுக்குப் பலன் அதிகம். கல்யாண வீட்டுக் களவில் தார்சாவின், அதாவது வராந்தாவின், கைப்பிடிக் கம்பியைத் துடைத்து அனுப்புவது வீண், ஊரே பிடித்திருக்கும்.

வழவழப்பான கண்ணாடியிலும் பெயிண்ட் அடித்த இரும்பிலும் ரேகை நன்றாகக் கிடைக்கும், டி.என்.ஏ. குறைவு. ரேகைப் பொடி தடவும் பிரஷ் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அடுத்தவர் டி.என்.ஏ.வைக் கொண்டுபோகும் என்பதும் நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆகவே எதில் ரேகை, எதில் டி.என்.ஏ. எடுக்கும் பஞ்சுக்குச்சி என்று இரண்டு பிரிவும் பொருளைத் தொடுவதற்கு முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இதில் வேலை ஒன்றுதான்: அவர்கள் வரும்வரை யாரையும் தொடவிடாமல் இருப்பது. ஊர்க்காரர்களைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சாவு விழுந்த வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று பெரிய மயினிமார் வாளியோடு நிற்பார்கள். ‘கொஞ்சம் பொறுங்க அக்கா, கையெழுத்து ஆகட்டும்’ என்று ஏதாவது சொல்லி நிறுத்துங்கள்.

நம் கடற்கரையில் டி.என்.ஏ. என்ற சொல் வீட்டுப் பேச்சாக வந்தது 2017 டிசம்பரில். ஓக்கிப் புயலுக்குப் பிறகு கேரளத்தில் கரையேறிய உடல்களை முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் குடும்பங்கள் ரத்த மாதிரி கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முடிவு வந்தால் அது முடிவு: இது உங்கள் மகன், கொண்டுபோங்கள். அந்த வீடுகளில் டி.என்.ஏ. என்றால் மறுபேச்சு இல்லாத சொல்.

அங்கே கேட்ட கேள்வி ‘இது யார்?’ ஒரு முழு உடலை வைத்துக்கொண்டு கேட்டது. சம்பவ இடத்தில் கேட்கிற கேள்வி வேறு: ‘இவன் இங்கே வந்தானா, இதைச் செய்தானா?’ இருபது உயிரணு முதல் பாதிக்குக்கூடத் தடுமாறித்தான் பதில் சொல்லும், இரண்டாம் பாதிக்கு வாயே திறக்காது. எப்போது ஒட்டியது, எப்படி ஒட்டியது என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘டி.என்.ஏ. பாசிட்டிவ், கேஸ் முடிஞ்சுது’ என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். என் கட்சிக்காரனை நினைத்து மட்டும் இல்லை.

2012-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது இது. ஒரு பணக்காரர் தன் வீட்டில் கொலையானார். அவர் நகத்தில் இன்னொருவரின் டி.என்.ஏ. அந்த ஆளைப் பிடித்துக் கொலை வழக்குப் போட்டார்கள், ஐந்து மாதம் சிறையில் இருந்தார். பிறகுதான் தெரிந்தது, கொலை நடந்த நேரத்தில் அவர் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற ஆம்புலன்ஸ்காரர்களே சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கிற கிளிப் வழியாகப் போயிருக்கும் என்பதுதான் கிடைத்த விளக்கம். நம் 108 ஊழியர்களும் ஒரே ராத்திரியில் நாலு இடம் போகிறவர்கள்தான். நீங்களும் அப்படித்தான். ராத்திரி ரோந்தில் ஒருவனைச் சட்டையைப் பிடித்து விசாரித்துவிட்டு, அதே கையோடு விடிகாலையில் களவு நடந்த வீட்டுக் கதவைத் தள்ளினால், அவன் அங்கே வந்துவிட்டான்.

2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு பேரை இரண்டு நிமிடம் கைகுலுக்க வைத்து, ஆளுக்கொரு கத்தியைப் பிடிக்கச் சொன்னார்கள். 85 சதவீதம் மாதிரிகளில் கத்தியைத் தொடாதவரின் டி.என்.ஏ.வும் இருந்தது. ஐந்தில் ஒரு பங்கில் தொடாதவருடையதுதான் பிரதானமாகவோ தனியாகவோ வந்தது. இரண்டு நிமிடம் யாரும் கைகுலுக்குவதில்லை, தேர்தல் நேரத்து வேட்பாளரைத் தவிர. ஆனாலும் நினைப்பில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

ஜெர்மனிக் கதை உங்கள் மேலதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும். 2007-ல் ஹைல்புரோன் நகரில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டி.என்.ஏ. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று நாற்பது இடங்களில் கிடைத்த ஒரு பெண்ணுடையது. முகமில்லாத அந்தக் கொலைகாரியை ஒரு படையே தேடியது. 2009-ல் விடை வந்தது: அது தடயம் எடுக்கிற பஞ்சுக்குச்சியைப் பொதிந்த தொழிற்சாலை ஊழியரின் டி.என்.ஏ. குச்சியில் கிருமி இல்லை, டி.என்.ஏ. இருந்தது. மருந்துக்கடையில் வாங்குகிற பஞ்சுக்குச்சி ஏன் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதையெல்லாம் சொல்வது தடய டி.என்.ஏ.வை மட்டம்தட்ட இல்லை. அதன் மதிப்பில் பாதி ஆய்வகத்தில் இருக்கிறது, மீதிப் பாதி உங்கள் நோட்டுப் புத்தகத்தில். நீங்கள் உள்ளே போகும்போது கதவு திறந்திருந்ததா, யார் தள்ளினார்கள், யார் யார் உள்ளே போனார்கள், உடலைத் தொட்டது யார், வீட்டுக்காரர் முகம் கழுவ எந்தத் துண்டை எடுத்தார், பொருள் எங்கே எப்படிக் கிடந்தது, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், கையுறை மாற்றினீர்களா. இது எழுதப்பட்டிருந்தால் இருபது உயிரணுவுக்கு ஒரு பாதை கிடைக்கும். எழுதாவிட்டால் அது அந்தரத்தில் தொங்கும், நான் வந்து கயிற்றை வெட்டிவிடுவேன். என் தொழில் அது. வீட்டுக்காரர்கள், உள்ளே போன போலீஸார், ஆம்புலன்ஸ்காரர்கள் எல்லோரிடமும் ஒப்பீட்டுக்கு மாதிரி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிக்க வேண்டியவர்களைக் கழித்தால்தான் மிஞ்சுகிறவன் யார் என்று தெரியும்.

கழிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. உலகத்தில் டி.என்.ஏ. முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் செய்த வேலை, ஒரு பையனை விடுவித்தது. 1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் இந்த முறையைக் கண்டுபிடித்தார். பக்கத்துக் கிராமங்களில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டும் விட்டான். இன்னொன்றையும் செய்தது அவன்தான் என்று உறுதிப்படுத்தத்தான் போலீஸ் ஜெஃப்ரீஸிடம் போனது. இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் இந்தப் பையன் இல்லை என்று சோதனை சொன்னது. உண்மையான குற்றவாளிக்கு 1988-ல் தண்டனை கிடைத்தது. ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருந்த வழக்கு அது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் சம்பவ இடத்து டி.என்.ஏ.வைப் போட்டுத் தேட ஒரு தேசியத் தரவுத்தளம் கிடையாது. அதற்கென்று கொண்டுவந்த 2019 மசோதாவை 2023-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நல்லதா கெட்டதா என்பது தனிச் சண்டை, இன்னொரு நாள் போடலாம். நடைமுறையில் இதன் பொருள், நீங்கள் சந்தேகப்பட்டுக் கொண்டுவருகிற ஆளோடுதான் ஒப்பிட முடியும். லிஸ்டில் இருக்கிறவனையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்தால், கெட்டுப்போன தடயம் அவனைக் காப்பாற்றவும் செய்யாது, உண்மையானவனைக் காட்டவும் செய்யாது.

சட்டமும் இப்போது உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் எடுக்க வேண்டும், அதை வீடியோ பிடிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து வருட அவகாசம் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கே ஏழு வருடம் வரை தண்டனை என்பதால் உங்கள் அன்றாட வழக்குகளில் நிறைய இதற்குள் வந்துவிடும். நிபுணர் வருவார், சரி. குலசேகரத்துக்கோ ஆறுகாணிக்கோ அவர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதுவரை அந்த இடம் உங்கள் பொறுப்பு.

அப்புறம், சுருளி அருவி வழக்கு. 2011-ல் தேனி மாவட்டத்தில் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டது. கீழ் கோர்ட்டில் மரண தண்டனை, மதுரை உயர் நீதிமன்றக் கிளையிலும் உறுதியானது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைகளை வரிசையாக எழுதிவிட்டு, நாடு முழுவதற்கும் விதிகள் போட்டது. மாதிரி எடுத்த நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் காரணத்தைக் கேஸ் டைரியில் எழுத வேண்டும். கோர்ட் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கவோ மறுபடி முத்திரை வைக்கவோ கூடாது. எடுத்த கையிலிருந்து தீர்ப்பு வரை யார் யாரிடம் இருந்தது என்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும், அது வழக்குக் கட்டோடு சேர வேண்டும்.

நாற்பத்தெட்டு மணி நேரம். என் அம்மச்சியின் துவர்த்துக்கு நாற்பத்துமூன்று நாள். இத்தாலியின் பெருஜியாவில் 2007-ல் நடந்த மாணவி கொலையில் உள்ளாடைக் கொக்கி ஒன்றை 46 நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். அதற்குள் அது தரையில் இடம் மாறியிருந்தது. அதில் கிடைத்த டி.என்.ஏ.வை நம்பிப் போட்ட தண்டனை 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இத்தாலிக்காரர்களும் நம்மைப் போலத்தான் என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம், வேண்டுமென்றால்.

உங்கள் பக்கத்து நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, சம்மன், வி.ஐ.பி. வருகை. ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து போக ஒரு ஆளை ஒதுக்க வேண்டும். போய் நின்றால் கவரில் எழுதிய குற்ற எண் தப்பு என்று திருப்பி அனுப்புவார்கள். இதை எல்லாம் சரிசெய்ய வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள். நான் உங்களிடம் கேட்பது முதல் அரைமணி நேரத்தை மட்டும்: வாசலில் ஒரு கயிறு, கையில் ஒரு ஜோடி உறை, பையில் பத்துக் காகிதக் கவர், பாக்கெட்டில் ஒரு நோட்டு.

ஒரு வாக்குமூலமும் கொடுத்துவிடுகிறேன். ‘டி.என்.ஏ. கிடைக்கவில்லை, ஆகவே என் கட்சிக்காரர் அங்கே போகவே இல்லை’ என்று நான் கோர்ட்டில் பலமுறை வாதாடியிருக்கிறேன். அது தப்பான வாதம். தொட்டும் ஒட்டாமல் போவது சகஜம். இனியும் வாதாடுவேன், அரசு வக்கீல் எழுந்து என்னை மறுக்கட்டும். மறுக்க அவர் கையில் நீங்கள் எதையாவது கொடுத்திருக்க வேண்டும்.

அந்த வழக்கில் தீர்ப்பு நகலை வாங்கி என் கட்சிக்காரனிடம் கொடுத்தபோது, அவனுக்குப் படித்துக் காட்டச் சொன்னான். விடுதலை என்ற வரியைப் படித்தேன். தலையாட்டினான். ‘கடைசி வரை வாசிங்க சாரே’ என்றான். கடைசியில், எல்லாத் தீர்ப்பிலும் வருமே, வழக்குச் சொத்து பற்றிய வரி இருந்தது: சான்றுப் பொருளான துண்டு மதிப்பற்றது என்பதால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
எதிரி தரப்பு வக்கீல் ஒருவன்